சிறுவர் நூலகமும் ஐந்து விதிகளும்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – கணிதம்)

கணிதம் பயிலும் மாணவனுக்கு நூலகத்தைப் பற்றி, அதிலும் சிறுவர் நூலகத்தைப் பற்றி எழுத என்ன உரிமை இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். உரிமை உண்டு. இந்தியாவில் நூலகத்துறையை ஓர் அறிவியலாக வளர்த்துத் தந்தவரே ஒரு கணித ஆசிரியர்தாம். நான் இக்கட்டுரையை எழுத அவர் ஒரு காரணம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மற்றொரு காரணம். முதலில் பெரியவரைப் பற்றிக் கூறிவிட்டுப் பின்னர் சிறியவனிடம் வருகிறேன்.

கணித ஆசிரியர் தந்த விதிகள்

சீர்காழி இரா. அரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர். மங்களூர், கோவை அரசுக் கல்லூரிகளிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்த்தப்பட்டார். தொடக்கத்தில் அந்த வேலை அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். ஆனால் பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது அவர் மனம் மாறியது. அங்கே பொது நூலகங்கள் அறிஞர்களுக்கு மட்டுமன்றித் தொழிலாளர், பெண்கள், குழந்தைகள் என எல்லாருக்கும் பணி செய்வதை அவர் நேரில் கண்டார்.

அதே இலண்டனில், ஒரு பெரிய கடையில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள் ஒன்றையும் கண்டார். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகியவற்றை வெவ்வேறு வகையில் இணைத்து, பல பொம்மைகளைச் செய்து காட்டும் ‘மெக்கானோ’ என்னும் பொருள் அது. சில துண்டுகளைக் கொண்டு எண்ணற்ற பொம்மைகள் செய்யலாமெனில், சில அடிப்படைக் குறியீடுகளைக் கொண்டு உலகத்துப் பொருள்களையெல்லாம் வகைப்படுத்தலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு வித்து அந்த விளையாட்டுப் பொருள்தான். குழந்தையின் விளையாட்டைப் பெரியவர்கள் எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ!

நியூட்டனின் இயக்க விதிகள் மூன்று. அரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்து. 1931-இல் நூலாக வந்த அவ்விதிகளின் கருத்து வருமாறு:

1. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை.
2. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும்.
3. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும்.
4. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும்.
5. நூலகம் வளரும் உயிர்ப்பொருள்.

இவற்றைக் கேட்டவுடன், ‘இதில் என்ன புதுமை?’ என்றுதான் எனக்கும் தோன்றியது. எங்கள் ஊர் நூலகத்தின் கண்ணாடிப் பீரோ முன் நின்றபோதுதான் இவற்றின் ஆழம் விளங்கிற்று.

தம்பியின் இரகசியம்

என் தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளி. தாயார் கூலி வேலைக்குச் செல்பவர். இருவருக்கும் எழுத்தறிவு இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தம்பி 2020-இல் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டான். கொரோனாப் பெருந்தொற்றால் அப்போது பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2021 நவம்பர் 1-ஆம் நாள் தொடக்கப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது அவன் இரண்டாம் வகுப்பு மாணவன்! அ, ஆ எழுதிப் பழக வேண்டிய ஆண்டு அவன் கணக்கில் இல்லாமலே போய்விட்டது.

ஆயினும் அவன் மாலைதோறும் விளக்கருகில் அமர்ந்து பாடத்தை உரக்கப் படிப்பான். தாயார் அடுப்படியிலிருந்து கேட்டு மகிழ்வார். 2024 கோடையில், கல்லூரியில் சேரக் காத்திருந்த நாள்களில், ஒருநாள் அவன் அருகில் சென்று அமர்ந்தேன். அவன் வாய் ஒரு பக்கத்தில் இருந்தது. புத்தகம் வேறொரு பக்கத்தில் இருந்தது. வகுப்பில் மற்றவர் படிப்பதைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடமாக ஒப்பித்துக் கொண்டிருந்தான். நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, “இது என்னடா?” என்றேன். விழித்தான். பின்னர் மெதுவாக, “அண்ணே, எனக்குப் படிக்க வராது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே” என்றான்.

நான்காம் வகுப்பு முடித்த பிள்ளை! அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு முழுப் பாடத்தைக் காதால் கேட்டே மனத்தில் இருத்தியவன் அறிவிலி ஆகமாட்டான். அவன் கையில் எட்டிய நூல் ஒன்றே ஒன்று, அது பாடநூல். அவனுடைய படிக்கும் நிலைக்கு அது மூன்று படி மேலே இருந்தது. குறை அங்கேதான் இருந்தது.

முதல் விதி: பூட்டு எதற்கு?

மறுநாள் எங்கள் ஊர் நூலகத்துக்குச் சென்றேன். சிறுவர் நூல்கள் இருந்தன. ஆனால் அவை கண்ணாடிப் பீரோவினுள் பூட்டிக் கிடந்தன. நூலகரைக் கேட்டேன். “பிள்ளைங்க கிழிச்சிடும் தம்பி. ஒண்ணு தொலைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்” என்றார். அவர் கூறியதிலும் நியாயம் உண்டு. குறைந்த ஊதியத்தில், பகலில் சில மணி நேரம் மட்டும் அந்த நூலகத்தைத் திறந்து பார்த்துக் கொள்பவர் அவர்.

ஐரோப்பாவில் முற்காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தனராம். முதல் விதியை விளக்கும்போது அரங்கநாதன் அச்சங்கிலியைத்தான் நினைவூட்டுகிறார். சங்கிலி போய்விட்டது, சிறுவர்கள் மட்டில் பீரோப் பூட்டு இன்னும் இருக்கிறது. கிழியாத நூல், படிக்கப்படாத நூல் என்றுதான் நான் பொருள் கொள்கிறேன்.

“சனி, ஞாயிறு காலையில் நான் உடனிருக்கிறேன். கிழிந்தால் ஒட்டித் தருகிறேன்” என்று வாக்களித்த பின் நூலகர் சாவியை எடுத்தார். இன்றுவரை பதினொரு நூல்களுக்கு மைதாப் பசையால் ஒட்டுப் போட்டிருக்கிறேன். காணாமற் போனது ஒன்றுதான்.

இரண்டாம் விதி: யாருக்கு எந்த நூல்?

குழந்தைகள் என்று ஒரே சொல்லால் கூறிவிடுகிறோம். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கும் ஒரே நூல் பொருந்தாது. மூன்று முதல் ஐந்து வயது வரை படமே நூல். தடித்த அட்டையில் பெரிய படங்கள் இருந்தால் போதும். எழுத்தே இல்லாவிடினும் குற்றமில்லை. ஐந்து முதல் ஏழு வயது வரை பக்கத்துக்கு ஓரிரு வரிகள், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் கதைகள் ஏற்றவை. எட்டு வயதுக்கு மேல் சிறுகதைகள், விடுகதைகள், ‘ஏன், எப்படி’ என வினவும் அறிவியல் நூல்கள் ஆகியவற்றைத் தரலாம்.

இதில் வயதைவிட முக்கியமானது படிக்கும் நிலை. தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எத்துணைப் பொருத்தமான பெயர்கள்! என் தம்பி வயதால் ‘ஓடு’ நிலையில் இருக்க வேண்டியவன். உண்மையில் ‘நுழை’ நிலையில் நின்றான். பத்து வயதுப் பையனிடம் ஐந்து வயதுக் குழந்தையின் நூலைக் கொடுத்தால் அவனுக்கு வெட்கம் வரும். அதற்கு நான் கண்ட வழி எளியது. பக்கத்து வீட்டுச் சின்னஞ்சிறுசுகள் நால்வரை அழைத்து, “இவர்களுக்கு நீதான் கதை படித்துக் காட்ட வேண்டும்” என்றேன். எளிய நூலைக் கையில் எடுக்க அவனுக்கு மதிப்பான ஒரு காரணம் கிடைத்துவிட்டது. முதல் நாளிரவு என்னோடு படித்துப் பழகி, மறுநாள் அவர்களுக்குப் படித்துக் காட்டுவான்.

மூன்றாம் விதி: நூல் தன்னைக் காட்ட வேண்டும்

அலமாரியில் அடுக்கிய நூலின் முதுகுப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். எழுத்தறியாக் குழந்தைக்கு அந்த முதுகில் என்ன தெரியும்? அட்டைப் படம் தெரிய வேண்டும். சன்னல் கம்பிகளுக்கிடையே கயிறு கட்டி, துணி காயப் போடுவதுபோல நூல்களை விரித்துத் தொங்கவிட்டோம். அதுவரை ஒருவரும் தொடாத நூல்களுக்கெல்லாம் அன்றே ஆள் கிடைத்தது.

நல்ல நூல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா தம் வாழ்நாளையே சிறுவர்களுக்கு அளித்தார். புது தில்லியில் 1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையில் இயங்கும் தூலிகா முதலிய பதிப்பகங்கள் வண்ணப் படங்களோடு தமிழில் நூல்கள் தருகின்றன. இவை இருந்தும் குழந்தையிடம் போய்ச் சேராதிருப்பதே குறை. நூலை எடுத்து உரக்கப் படித்துக் காட்டும் ஒருவர் இடையில் வேண்டும். குழந்தைக்கும் நூலுக்கும் நடுவில் நிற்கும் பாலம் அவர்தாம்.

நான்காம் விதி: குழந்தையின் நேரம்

பெரியவர் நூல் தேடிப் பத்து நிமிடம் காத்திருப்பார். குழந்தை ஒரு நிமிடம்கூடக் காத்திராது; ஓடிவிடும். ஆகவே சிறுவர் பகுதியின் அடுக்குகள் குழந்தையின் மார்பளவு உயரத்துக்குள் இருத்தல் நலம். ‘விலங்கியல்’ என்று எழுதுவதற்குப் பதில் யானைப் படத்தை ஒட்டலாம். ‘போக்குவரத்து’ என்பதற்குப் பேருந்துப் படம் போதும். நாற்காலி வேண்டா, பாய் விரித்தால் போதும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் செயற்கை மரமொன்று அமைத்துள்ளனர். மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்க்கெனத் தனிப் பகுதி உண்டு. அவை பெருநகரங்களின் பேறு. சிற்றூருக்கு ஒரு பாயும் ஒரு கயிறும் போதும் என்பது என் அனுபவம்.

படிக்கும் நேரத்தையும் சுருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் வருத்துவதைக் காட்டிலும் நாள்தோறும் பதினைந்து நிமிடம் படிப்பது மேல்.

எழுத்தும் ஒரு கணக்கே

இவ்விடத்தில் கணித மாணவனாக ஒரு சொல் கூற விரும்புகிறேன். தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டவுடன் குழந்தை மலைத்துப் போகும். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. எஞ்சிய 216-உம் 12 × 18 என்ற பெருக்கலால் வருபவையே. கால், கொம்பு, சுழி ஆகிய குறிகளின் ஒழுங்கைப் பிடித்துவிட்டால் தெரியாத எழுத்தையும் குழந்தை தானே கண்டுபிடிக்கும். மெக்கானோவின் சில துண்டுகளைக் கொண்டு பல பொம்மைகள் செய்வது போன்றதே இதுவும்.

எல்லா எழுத்தையும் முடித்த பின்தான் சொல் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. ட, ப, ம என்னும் மூன்று எழுத்துகளும் எழுத எளியவை. அவற்றோடு ஒரு புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்கள் முதல் நாளே கிடைத்துவிடும். ‘நானும் படித்தேன்’ என்ற மகிழ்ச்சி முதல் நாளிலேயே வந்துவிட்டால், மறுநாள் குழந்தையை யாரும் அழைக்க வேண்டியதில்லை.

கைக்கெட்டிய கருவிகள்

இத்தாலி நாட்டுக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். எழுத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தை அதை விரலால் தடவி உணரும்படி செய்வது அவருடைய முறைகளுள் ஒன்று. கண், கை, காது மூன்றும் சேர்ந்து எழுத்தைக் கற்கின்றன. நாங்கள் உப்புத்தாளுக்குப் பதிலாகப் பசையின் மீது ஆற்றுமணலைத் தூவினோம். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, கூட்டல், கழித்தலுக்குப் பல்லாங்குழி, எழுத்துத் தேடி வட்டமிடப் பழைய செய்தித்தாள். இவற்றுக்கு ஆன செலவு பசைக்கு மட்டுமே.

கைப்பேசியையும் நான் தள்ளிவிடவில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். ஆனால் கைப்பேசியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போய்விட்டால் அது கதையில் நிற்பதில்லை. உடனிருந்து படித்தால் அதுவும் ஒரு நூலகமே.

ஐந்தாம் விதி: வளரும் உயிர்ப்பொருள்

பாயில் அமரும் குழந்தைகள் வளர்கிறார்கள். நூலகமும் வளர வேண்டும். நூல் வாங்கப் பணமில்லையே என்றிருந்தபோது, குழந்தைகள் தாங்களே நூல் செய்யத் தொடங்கினர். ஒருத்தி தன் பாட்டி கூறிய நரிக் கதையைப் படமாக வரைந்தாள். என் தம்பி அதற்கு எழுத்து எழுதினான். பிழைகள் இருந்தன. நூலகர் அதற்கும் ஓர் எண் கொடுத்து, மற்ற நூல்களோடு கயிற்றில் தொங்கவிட்டார். அதிகம் பேர் எடுத்துப் பார்த்த நூல் இன்றுவரை அதுதான்.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். முதலில் வந்த பதினான்கு பேரில் ஐவர் பாதியில் நின்றுவிட்டனர். கல்லூரித் தேர்வு நாள்களில் நான் செல்லாதபோது பாய் விரிக்க ஆளில்லை. நூலகம் உயிர்ப்பொருள் என்றால் அதற்கு நாள்தோறும் நீர் ஊற்றவும் ஆள் வேண்டுமல்லவா?

எழுத்தறியாத் தாயும் ஆசிரியையே

ஒருநாள் எழுத்தில்லாப் படநூல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். “எனக்கு என்னப்பா தெரியும்” என்று தாயார் ஒதுங்கினார். “படத்தைப் பார்த்துச் சொல்லம்மா” என்றேன். ஆட்டுக்குட்டி ஒன்று வழிதவறிப் போகும் படங்கள் அவை. என் தாயார் ஆடு மேய்த்து வளர்ந்தவர். அந்த ஆட்டின் நிறம், வயது, அது ஏன் கூட்டத்தைப் பிரிந்தது, அதைத் தேடுபவர் என்ன சத்தம் கொடுப்பார் என்று அரைமணி நேரம் கதை சொன்னார். நூலில் இல்லாத சொற்கள் எத்தனை எத்தனை! படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பதும், குழந்தையின் பதிலை நீட்டிப் பேசுவதும் படிப்பின் அடித்தளம். பல சொற்களைக் காதால் அறிந்த குழந்தைக்கே அவற்றைக் கண்ணால் படிப்பது எளிதாகிறது. அந்தச் செல்வம் எழுத்தறியாத் தாய்மாரிடமும் நிறைய இருக்கிறது. நாம்தான் அவர்களை நூலகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

வரி கட்டுபவர் யார்?

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாநிலமே. 1948-இல் நிறைவேறிய அச்சட்டத்தின் பின்னணியில் அரங்கநாதனின் உழைப்பு இருந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. எங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். வீட்டு வரி 110 ரூபாய்; நூலக வரி 11 ரூபாய். ஒரு நூலும் படித்தறியாத என் தாயார், ஆண்டுதோறும் நூலகத்துக்குப் பதினொரு ரூபாய் செலுத்தி வந்திருக்கிறார்! அப்பணத்தில் வாங்கிய நூல் பூட்டிய பீரோவில் இருப்பது முறையாகுமா?

1931-இலேயே மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார். வண்டி கட்டிய நாட்டில் பாய் விரிக்க ஆளில்லாமற் போகலாமா?

நண்பர்களே, நம் கல்லூரியில் பயில்வோரில் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பூட்டிய பீரோ இருக்கலாம். மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் நம்மால் தர இயலும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஒரு நாளை ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு ஒதுக்க வேண்டுமென ஆசிரியப் பெருமக்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்தே மகளிர்க்கான கட்டணமில்லாப் பேருந்தை அடையாளம் காண்பவர் என் தாயார். சென்ற மாதம் நிறுத்தத்தில் நின்றபோது, தூரத்தில் வந்த பேருந்தின் பலகையைத் தம்பி எழுத்துக் கூட்டிப் படித்து, “அம்மா, இது நம்ம ஊருக்குப் போகாது” என்றான். தாயார் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவன் சொன்னது சரிதான்.

இக்கட்டுரையை எழுதும்முன் அவனிடம் அனுமதி கேட்டேன். அவன் இரகசியம் ஆயிற்றே! சற்று யோசித்துவிட்டு, “எழுதிக்க அண்ணே. ஆனா மலர் வந்ததும் அம்மாவுக்கு நானே படிச்சுக் காட்டுறேன்” என்றான்.